வெண்முதலைப் படகும் ஒரு வணக்கமும்

படகுப் பந்தயத்துக்கு முதல் நாள் காலை. தாய்லாந்தின் பிச்சித் ஊரில் ஆற்றங்கரையில் இருந்த ஸோங்ஸ்ரீயின் வீட்டுக்குப் படகுப் பயிற்சியாளர் புன்லுவ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அம்மாடி, படகு போச்சு! அக்கரை மில் முதலாளி ஆம்னுவாய் ஒரு கடுதாசியோட வந்திருக்கான். நம்ம வெண்முதலைய அவன் தாத்தா இரவல் குடுத்தாராம். இன்னிக்கே இழுத்துட்டுப் போறானாம்!”

ஸோங்ஸ்ரீ பாங்காக்கில் அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவள்; விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் தம்பி கச்சோன் அந்தப் படகின் முதல் துடுப்புக்காரன்.

“கள்ளக் கையெழுத்து, அக்கா! நான் கண்டுபிடிக்கிறேன், பாரு” என்று துள்ளினான்.

விகாரை மண்டபத்தில் வட்டார அதிகாரியின் முன் கடிதம் விரிந்தது. கச்சோன் பூதக்கண்ணாடியோடு குனிந்தான். தாள் பழசு, மை மங்கல், கையெழுத்தும் அச்சு அசல். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

கடிதத்தை ஒருமுறை பார்த்த ஸோங்ஸ்ரீ, “வாய்விட்டுப் படிங்க முதலாளி” என்றாள்.

ஆம்னுவாய் மிடுக்காகப் படித்தார்: “‘புத்த ஆண்டு 2460. இன்று விகாரைத் துறைக்குப் போனேன். ஊரார் கைகூப்பி, ஸவாத்தி சொல்லி வரவேற்றார்கள். என் படகை அவர்களுக்கு இரவலாகக் கொடுத்தேன்.’ போதுமா?”

“போதும். பெரியப்பா, உங்க சின்ன வயசுல தெருவுல ஆளப் பாத்தா என்ன கேப்பீங்க?”

“என்னத்தக் கேக்கறது? சாப்பிட்டாச்சா, எங்க போற, அவ்வளவுதான்” என்றார் புன்லுவ.

“ஸவாத்தி சொல்ல மாட்டீங்களா?”

“அது ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல வந்ததும்மா. வாத்தியார் பிரம்போட நின்னு பழக்கினார்.”

ஸோங்ஸ்ரீ அதிகாரியிடம் திரும்பினாள்.

“வேர்ச்சொல் ரொம்பப் பழசுங்க. சமஸ்கிருத ஸ்வஸ்தி. கல்வெட்டுல உண்டு, பாட்டுல உண்டு. ஆனா ஆளப் பாத்ததும் சொல்ற வணக்கமா அத ஆக்கினவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், 2470கள்ல. நாடு பூரா சொல்லணும்னு அரசாங்கம் அறிவிச்சது 2486-ல. இவரோட தாத்தா காதுல மட்டும் இருபத்தாறு வருஷம் முந்தியே எப்படி விழுந்துச்சு? பழைய தாளத் தேடிப் புடிச்சவங்க, பழைய பேச்சத் தேட மறந்துட்டாங்க.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆம்னுவாய்க்கு வியர்த்தது. “எங்க குமாஸ்தாதான் எழுதினான்” என்று முனகினார்.

“எழுதச் சொன்னது யாரு?” என்றார் அதிகாரி. அவர் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வெண்முதலை அக்கரைப் படகை அரைப்படகு நீளத்தில் முந்தியது. கச்சோன் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினான். அதிர்ந்து பேசியே அறியாத அவன் அக்கா, கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள்.