அறுபட்ட கயிறு

1963 ஆவணி வெயிலில் மன்னார் நீதிமன்ற வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு விலங்கோடு இறங்கிய ஐந்து எதிரிகளில் கடைசி ஆள் அந்தோனிமுத்து. மற்ற நால்வரும் சங்கு குளிக்கிற வள்ளத்தில் தங்கம் கடத்திக் கரையோரத்தையே நடுங்க வைத்த கும்பல். தலைவன் அருட்பிரகாசம் அந்தோனிமுத்துவின் காதோடு சொன்னான்.

"சொல்லித் தந்ததைச் சொல்லு. பிசகினால் உன்ரை பிள்ளையள் இருக்காது."

கடலடியில் மூழ்குகிறவனின் உயிர், வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. அதனால் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். சொந்தத் தங்கச்சியை எவன் விதவையாக்குவான் என்ற நம்பிக்கை. யோசேப்பும் அப்படி நம்பித்தான் மச்சான் அந்தோனிமுத்துவிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கினான். கடத்தலைப் பற்றிச் சொல்லப் பொலிசுக்குப் போகப்போவதையும் அவனிடம் மட்டுமே சொல்லியிருந்தான். அதைத் தலைவனிடம் போய் ஒப்புவித்தவனும் இந்தப் பாவிதான். யோசேப்பின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

முன்வரிசை வாங்கில் தங்கச்சி மாக்கிறட் கறுப்புச் சேலையில் இருந்தாள். கண் இமைக்காமல் அண்ணனையே பார்த்தாள். அவள் பார்வையில் நெருப்பு இருந்தது.

சாட்சிக்கூண்டில் ஏறிய அந்தோனிமுத்து, கயிறு அசைந்ததுமே தான் தூக்கியதாகவும், அது கடலடிப் பாறையில் உரசி அறுந்துவிட்டதாகவும் பாடம் ஒப்பித்தான். அரச சட்டத்தரணி சாக்கைப் பிரித்துக் கயிற்றை எடுத்தார். பதினொரு மாதம் முத்திரையிட்டுக் கிடந்த கயிறு. தூசி பறந்தது.

"எப்பிடித் தூக்கினனீங்கள்? பிடிச்சுக் காட்டுங்கோ."

வாங்கினான்.

கயிறு நனைந்திருந்தது.

சாதாளைக் கடற்பாசி வாடை மூக்கில் ஏறியது. வெளியே கத்திக்கொண்டிருந்த கழுதைகள் ஒன்றாக ஓய்ந்தன. அறுபட்ட நுனி தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கயிறு ஒருமுறை இழுபட்டது.

பிறகு இன்னொருமுறை.

மூன்றாவது இழுப்பில் அவன் கூண்டுக் கம்பியில் மோதினான். மூழ்கினவன் மூன்றுமுறை இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். அன்றைக்கும் மூன்றுதான் வந்தது. பிறகு எண்ணிக்கை இல்லாமல் வந்தது. பிறகு நின்றது.

"நான் தூக்கேல்லை," என்றான். "முதலாளி அருட்பிரகாசம் வேண்டாமெண்டவர். அவர்தான் கத்தியாலை அறுத்தவர்."

நால்வருக்கும் மரணதண்டனை, அவனுக்கு ஆயுள் என்று தீர்ப்பாயிற்று. உண்மையைச் சொன்னதோடு தொல்லை விட்டது என்று அவன் நினைத்தான். அப்படித்தான் ஆறுதல் பட்டான்.

மூன்றாம் மாதம் மாக்கிறட் சிறைக்கு வந்தாள். அவன் அழுதுகொண்டே கம்பிக்கு வெளியே கையை நீட்டி மன்னிப்புக் கேட்டான். மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு பதிந்த தடம் சிவந்து, ஈரமாக இருந்தது. அவள் அதைப் பிடித்தாள். அவள் பிடிக்குள்ளேயே அந்தக் கை மூன்றுமுறை கீழே இழுபட்டது.

அவள் முகம் வெளிறியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"அவர் இன்னும் கீழைதான் நிக்கிறார் அண்ணை," என்றாள் மெதுவாக. "இண்டைக்காவது இழு."

கையை உதறிவிட்டு, திரும்பிப் பாராமல் போனாள்.

அவன் வெறுங்கையால் காற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். காவலாளி சிரித்தான். பிறகு, அந்தோனிமுத்துவின் காலடியில் கயிறு சுருள்வதுபோல வளையம் வளையமாக விழுந்துகொண்டிருந்த உப்புத்தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.