அந்த லேப்டாப் இன்னும் உயிரோடு...!

பேராசிரியர் நடனசபாபதியின் பிணத்தை முதலில் பார்த்தவர் பால்காரர். இரண்டாவதாகப் பார்த்தவன் அரசு.

போலீசுக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடித்திருந்தது!

காரணம் இருந்தது. சிதம்பரத்தில் தனியாகக் குடியிருந்த ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர். பின்மண்டையில் யுபிஎஸ் பெட்டியால் ஒரே அடி. அந்தப் பெட்டியை முந்தின நாள் கொண்டுவந்து மாட்டியவன், கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அரசு. பெட்டி முழுக்க அவன் கைரேகை. பேராசிரியரின் லேப்டாப்பைக் காணவில்லை.

"லேப்டாப்ப எங்கடா வித்த?"

துளைத்தெடுத்தார்கள். அவன் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல!

*

கடலூர் சிறை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அரசு. இந்தப் பக்கம் அவன் மனைவி சந்திரலேகா.

"நாளைக்கு கோர்ட்டுல ஒத்துக்கப் போறேன் லேகா..."

"என்னா மாமா சொல்ற...? செய்யாத கொலைய எதுக்கு ஒத்துக்கணும்?"

"ஒத்துக்கிட்டா தண்டன கொறையுமாம். இல்லாட்டி ஆயுசுக்கும் உள்ளதானாம். வக்கீல் சுரேந்தர் சார் சொல்றாரு. நம்ம கேஸ எவனும் தொடமாட்டேன்னப்ப தானா வந்து நின்ன மனுஷன். அவரே சொன்னப்புறம்..."

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்!"

"ஒனக்குத் தெரிஞ்சா ஆச்சா...? நீ ஜட்ஜா?"

வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு அழுதாள். காவலர் வந்து போகச் சொன்னார்.

*

பஸ்ஸைப் பிடித்து சிதம்பரம் வந்தாள். கடை ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தாள். ஒரு கம்ப்யூட்டர் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள்.

இந்தக் கடையையே ஒரு பைத்தியத்துக்கு இழுத்துவிட்டிருந்தார் பேராசிரியர். ரேடியோ டெலஸ்கோப்பில் வந்து குவியும் சிக்னல்களை அலசி, எரிந்து அடங்கிய நட்சத்திரங்களைத் தேட விஞ்ஞானிகளிடம் போதுமான கம்ப்யூட்டர்கள் இல்லை. அதனால் உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியாகத் துண்டு துண்டாக அனுப்புவார்கள். அவை கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். நயா பைசா கிடையாது! 'நாமளும் வானத்துக்கு ஒரு கை குடுப்போம்மா' என்று ஊரில் ஒரு குழுவையே சேர்த்திருந்தார். எல்லாருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தவள் சந்திரலேகா.

செத்துப்போனவர் பெயரைக் குழுவிலிருந்து எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்றைக்காவது எடுத்துவிடலாம் என்று அவருடைய கணக்கைத் திறந்தாள்.

உறைந்தாள்!

பேராசிரியரின் லேப்டாப்... கடைசியாகத் தொடர்பு கொண்டது... இன்று காலை!

"மாமா...!" ஆளில்லாத கடையில் அலறினாள்.

அந்த மென்பொருள் சத்தம் போடாமல் உள்ளுக்குள்ளேயே ஓடும். இன்டர்நெட் கிடைத்தால் முடித்த கணக்கை அனுப்பிவிடும். லேப்டாப்பைத் தூக்கிப் போனவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எந்த இணைப்பிலிருந்து அனுப்பியது என்ற எண்ணும் பக்கத்திலேயே இருந்தது.

*

"ஏம்மா... செத்தவரு அனுப்புறாருங்கிறியா?" சிதம்பரம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பழனிவேல் டீ கிளாஸை வைத்தார்.

"அவரு இல்ல சார், அவரோட லேப்டாப்பு! எங்க வூட்டுக்காரரு ஜெயில்ல இருக்காரு. அப்ப இத ஓட்டுறது யாரு?"

"உன் புருஷன் வித்திருப்பான். வாங்குனவன் ஓட்டுறான்."

"சரி சார், வாங்குனவனையாவது புடிங்க! வித்தது எங்க வூட்டுக்காரருதான்னு அவன் சொல்லட்டும். நானே கையெழுத்து போடறேன், தூக்குல போடுங்க!"

பழனிவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அந்த நம்பர எழுதிக் குடு" என்றார். "டெலிபோன் ஆபீஸ்ல கேக்குறேன். உன் அழுகைக்காகத்தான்... வேற ஒண்ணும் நெனச்சிக்காத."

*

மறுபடியும் கடலூர். மஞ்சக்குப்பம். வக்கீல் சுரேந்தரின் வீட்டு மாடி.

இந்த நல்ல சேதியை முதலில் சொல்ல வேண்டிய ஆள் அவர்தானே!

"சார்... நாளைக்கு அவரு ஒத்துக்க வேணாம் சார்! லேப்டாப்பு எங்கியோ ஓடிக்கிட்டு இருக்கு!"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சுரேந்தர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"சபாஷ்மா... யாருகிட்டல்லாம் சொன்ன?"

அவள் வாயைத் திறக்கும் முன் செல்போன் ஒலித்தது.

பழனிவேல்!

"ஏம்மா, விலாசம் வந்துடுச்சு. கடலூர், மஞ்சக்குப்பம்... பேரு..." ஒரு விநாடி தயங்கினார். "அட்வகேட் சுரேந்தர்."

எதிரே சுரேந்தர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க அண்ணி..." என்றாள்.

"அண்ணியா...? ஏம்மா, நான்..."

"வக்கீல் சார் வூட்டுலதான் இருக்கேன் அண்ணி... சீக்கிரம் வந்துடறேன்."

"பேச்சு குடுத்துக்கிட்டே இரு. விலாசம் வந்ததுமே கெளம்பிட்டேன், கடலூருக்குள்ளதான் வந்துக்கிட்டு இருக்கேன்!"

செல்போனை மடியில் வைத்தாள்.

சுரேந்தர் மெல்ல எழுந்தார். கதவைத் தாழிட்டார்.

"ஒனக்கு அண்ணியே கெடையாதேம்மா... அரசு சொல்லியிருக்கானே!"

"ஏன் சார்...? பெரியவரு ஒங்களுக்கு என்னா பண்ணாரு?"

"கிள்ளை ரோட்டுல குடிச்சிட்டு கார் ஓட்டி ஒருத்தன அடிச்சிட்டேன். அவன் அங்கியே செத்துட்டான். கெழவர் பாத்துட்டாரு. கால்ல வுழுந்தேன்... சாட்சி சொல்லியே தீருவேன்னாரு." அலமாரிப் பக்கம் நடந்தார். "ஒன் புருஷன் உள்ள போனா நான் தப்பிப்பேன். அதுக்காகத்தான் அவன் கேஸ எடுத்தேன். கெழவர் எழுதி வெச்ச புகாரு லேப்டாப்புல இருக்கு, அத அழிக்கத்தான் காலையில தொறந்தேன்."

அலமாரியைத் திறந்து லேப்டாப்பை எடுத்தார். தலைக்கு மேலே தூக்கி, தரையில் ஓங்கி அடிக்கப் போனார்.

சந்திரலேகா பாய்ந்தாள்!

யோசிக்கவில்லை. அவள் கண்ணுக்கு அது லேப்டாப்பாகவே தெரியவில்லை. அரசுவின் உயிராகத் தெரிந்தது! பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டாள். அவர் முடியைப் பிடித்து இழுத்தார். முதுகில் உதைத்தார். காலால் கையை நசுக்கினார்.

"வுடுடி...!"

விடவில்லை. "மாமா... மாமா..." என்று அரற்றினாளே தவிர, பிடியை விடவில்லை.

தாழ்ப்பாள் பிய்ந்து கதவு விழுந்தது. பழனிவேல் துப்பாக்கியோடு உள்ளே வந்தார்.

*

ஸ்டேஷன். மேஜை மேல் லேப்டாப். சந்திரலேகாவின் கையில் கட்டு.

"ஒன் புருஷன நாளைக்கு கோர்ட்டுல வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு. நான் தொறக்குறேன்." பழனிவேலின் தலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "தப்பா புடிச்சிட்டேம்மா."

சந்திரலேகா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவள் அடங்கும் வரை, திரையில் 'சர்ச்சிங்...' என்று ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார்.

"கொலகாரனத்தான் புடிச்சாச்சே... இது இன்னும் யாரத் தேடிக்கிட்டு இருக்கு?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "செத்துப்போன நட்சத்திரத்தத் தேடுது சார்..."

பழனிவேல் பதறிப்போய் கையை எடுத்தார்.

"செத்துப்போச்சா...? எந்த ஸ்டேஷன் லிமிட்டும்மா?!"