வீரணன் சுத்தியல்

காலேஜ் பஸ் வந்தாலே எனக்குத் தலைவலி. மேலூர்ப் பக்கத்தில் அந்தக் கல் குவாரிக்கு அப்போது நான்தான் சூப்பர்வைசர். எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். மதுரையிலிருந்து பேராசிரியர் ஹாலாஸ்யம் ஒரு பஸ் மாணவர்களோடு வந்து இறங்கினார். காலையில் வைக்க வேண்டிய வெடி, அவர் விளக்கம் முடியாமல் சாயங்காலம்வரை இழுத்துவிட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"நெருப்புக் குழம்பா இருந்து இறுகின கல்லுப்பா இது. வெடிச்சதும் உள்பக்கம் தெரியும் பாருங்கோ, அதை இதுவரைக்கும் ஒரு கையும் தொட்டதில்லை!" என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் குவாரியில் ஒரு வழக்கம். வெடிக்கு முன்னால் பள்ளத்திலிருந்து ஏறுகிறவன் தன் சுத்தியலைச் சிவப்புக் கொடிக்கடியில் போட வேண்டும். எல்லாச் சுத்தியலும் வந்துவிட்டால் கீழே ஆளில்லை என்று அர்த்தம். அதற்கு முந்தின வருஷம் காசிமாயன், தன் தம்பி வீரணன் சுத்தியலையும் சேர்த்துத் தூக்கி வந்து போட்டுவிட்டான். "பின்னாலயே வாரேன்" என்ற வீரணன் வரவில்லை. அது தெரியாமல் வெடி வைத்துவிட்டோம்; அவன் அதிலேயே போய்விட்டான். அன்றிலிருந்து அந்தச் சுத்தியல் கொடியடியிலேயே கிடந்தது. யாரும் தொடமாட்டோம்.

பஸ் வந்த அன்று அதைக் காணோம்.

ஹாலாஸ்யம் அசடு வழிந்தார். "சும்மா கிடந்ததேன்னு எடுத்தேன் ஸார். கல்லைத் தட்டிப் பார்த்துட்டுக் கீழேயே வெச்சுட்டேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறப்பதற்குள் கேட்டது.

டங்.

பள்ளத்திலிருந்து.

மாணவர்களை எண்ணினேன். ஆட்களை எண்ணினேன். எல்லோரும் மேலேதான் இருந்தார்கள்.

டங்... டங்...

"சுத்தியல் மேல வராமப் பத்த வைக்க மாட்டேண்ணே," திரி பற்ற வைக்க வேண்டிய காசிமாயன் கிசுகிசுத்தான்.

வெடிமருந்து கிட்டித்து அடைத்த குழிகளை மழையில் அப்படியே விட்டுப் போனால், நாளைக்கு அதில் கை வைக்கிறவன் கதி அவ்வளவுதான். எல்லோரையும் திட்டிக்கொண்டே நானே இறங்கினேன்.

சத்தம் நின்றுவிட்டது. ஈரக் கல் வாசனை. கூடவே பீடி வாசனை. பாறையில் சாய்ந்து நின்ற சுத்தியலைப் பற்றினேன்.

பிடி சூடாக இருந்தது. வியர்வை பிசுபிசுத்தது.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஓட்டமும் நடையுமாக ஏறி வந்து கொடியடியில் போட்டேன். "வந்தாச்சு. பத்த வைடா!"

மேட்டிலிருந்து பற்ற வைத்த நீளத் திரி சீறிக்கொண்டு பள்ளத்துக்குள் மறைந்தது. அப்புறம்தான் காசிமாயன் சுத்தியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கு நானும் இதத்தானண்ணே செஞ்சேன். சுத்தியல மட்டும் கொண்டாந்துட்டீங்களே..."

கீழே மறுபடியும் சத்தம். இந்த முறை இரும்பு இல்லை.

வெறும் உள்ளங்கையால் பாறையை அறைகிற சத்தம்.

வேகம் கூடிக்கொண்டே போனது.

வெடித்தது.

புகை அடங்கியதும் இறங்கினோம். ரத்தம் இல்லை, உடம்பு இல்லை. எனக்கு மூச்சு வந்தது. ஹாலாஸ்யம் மட்டும் பிளந்த பாறைக்கு முன்னால் நின்று விரலால் காட்டினார். ஒரு கையும் தொட்டிராத அந்தப் புது முகத்தில், ஐந்து விரலும் விரிந்த ஈரத் தடம்.

மழை கொட்டத் தொடங்கியது. காசிமாயன் சுத்தியலைக் கொண்டுவந்து தடத்துக்கு நேர் கீழே சாய்த்து வைத்தான். "இந்தாடா, ஒன்னோடது," என்று சொல்லும்போதே அழுதுவிட்டான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். சுத்தியல் இல்லை.

பாறைக்கு உள்ளேயிருந்து கேட்டது.

டங்.