நந்தா விளக்கு அணைந்த மாலை

வெள்ளாற்றின் கீழ்க்கரையில் முழுநிலா எழ, மேல்கரையில் ஞாயிறு சாய்ந்துகொண்டிருந்த அந்தப் பங்குனி மாலையில், மருதந்துறைக் கோட்டையும் அதன் நடுவே நின்ற ஈசன் கோயிலும் பாதி செம்பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் ஒளிர்ந்தன. பார்த்த எவனுக்கும் கவி பாடத் தோன்றியிருக்கும். உள்மண்டபத்தில் நெய்க்கிண்ணத்தோடு நின்ற குளிர்வாகைக்குத் தோன்றவில்லை. வடக்கேயிருந்து வந்த யாத்திரிகர்களோடு சேர்ந்து வந்து, ஆவணி முதல் விளக்கும் மாலையும் பார்த்துவந்த பணிப்பெண் அவள். அவள் பார்வை ஒரே ஒரு விளக்கின் மேல் கிடந்தது.

அந்த விளக்கின் கதையை வாசகர்கள் அறிந்தாக வேண்டும். தவறுதலாய் ஒருவனைக் கொன்றவன் கோயிலுக்கு ஆடுகள் விட்டு, அவற்றின் பாலில் எடுத்த நெய்யில் இரவும் பகலும் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சபைகளின் தீர்ப்பு. விளக்கு எரியும்வரை பழி இல்லை. அணைந்தால் பழி எழுந்து வந்து கொன்றவன் தோளில் மறுபடி உட்காரும், வழக்கும் உயிர்பெறும். இந்த விளக்கை வைத்தவன் கோட்டைத் தலைவர் மகன் அரட்டன். வேட்டையில் ஒரு பறையறைவோனை மான் என்று எண்ணி எய்துவிட்டானாம். செத்தவன் புறச்சேரிக்காரன். அவன் உயிருக்கு விலையாக எரியும் சுடரைப் பார்க்க அவன் வீட்டார் இந்த வாசற்படியை மிதிக்க முடியாது. எப்பேர்ப்பட்ட நீதி, பாருங்கள்.

இன்று அரட்டன் படைத்தலைவனாகிறான். பழியுள்ளவன் அரச வாளைத் தொடலாகாது. ஆகவே வாள் வாங்குமுன் எல்லார் எதிரிலும் தன் விளக்கைக் கும்பிட வந்தான். உடன் கோயில் ஈசான பட்டரும், வாளைத் தாங்கிய அரச அதிகாரி கூத்தனும், காவலரும்.

அரட்டன் அவள் பக்கம் சாய்ந்தான். "குளிர்வாகை, இன்று உன் முகத்தில் நிலவைக் காணோமே. வாள் என் இடையில் ஏறட்டும், நாளை உன் வாசலுக்குப் பல்லக்கு வரும்."

"வரட்டும், அரட்டனாரே. யார் ஏறுவதென்று பிறகு பார்ப்போம்."

அவன் அதை ஊடல் என்று எண்ணிச் சிரித்தான்.

"ஈசன் சந்நிதியில் எல்லாரும் சமம், அதிகாரியாரே," என்றார் பட்டர். "புறச்சேரி உயிருக்கும் அதே ஆடு, அதே விளக்கு. ஒரு கரண்டி நெய்கூடக் குறைக்கவில்லை."

"அரசர் ஆணை சாமியைக் கேட்டு வருவதில்லை, பட்டரே. ஆனால் அதுவும் இதையே சொல்கிறது. செங்கோலின் முன் குலமில்லை."

"செத்தால் சமம். உயிரோடிருந்தால் மதிலுக்கு வெளியே. உங்கள் இருவர் நியாயமும் நன்றாகத்தான் இருக்கிறது," என்றாள் குளிர்வாகை. இரண்டு விரல்களால் திரியை நசுக்கினாள். தோல் கருகியது. விளக்கு அணைந்தது.

"பித்துப் பிடித்ததா, பெண்ணே?" என்று அலறினார் பட்டர்.

"ஓர் ஐயம், பட்டரே. அன்று வேட்டையில் விலங்குகளை விரட்டப் பறையடித்துக்கொண்டே நடந்தவன், செத்துப்போன கடம்பன். எந்த மான் பறையடித்துக்கொண்டு போகும்? அம்பு பறைத்தோலைத் துளைத்துத்தான் அவன் மார்பில் இறங்கியது. முந்தின நாள் ஆற்றுத்துறையில் இவர் குதிரைக்கு அவன் வழிவிடவில்லை. அதுதான் அவன் செய்த குற்றம்."

அரட்டனின் முகம் வெளுத்தது. "யாரடி நீ?"

"கடம்பனின் தங்கை வேம்பி. குளிர்வாகை என்பது உங்களுக்காக வைத்துக்கொண்ட பெயர். ஆவணி முதல் ஈசனுக்கு மாலை கட்டியது புறச்சேரிக் கை. ஈசன் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. நேற்று நந்தவனத்தில் இந்தக் கையைத்தான் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர், அரட்டனாரே. தாமரை என்றீர்."

"பிடியுங்கள் அவளை," என்று கத்தினான் அரட்டன்.

காவலர் பாய்ந்தார்கள்; பாதியில் நின்றார்கள். சந்நிதியில் ஆயுதம் எடுக்கலாகாது. கையால்தான் பிடிக்க வேண்டும். வேம்பி இரு கைகளையும் நீட்டினாள்.

"வாருங்கள். தொடுங்கள்."

எவனும் வரவில்லை. பட்டர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். அரட்டனோடு தோளுரசி நின்ற காவலர் இப்போது அவனை விட்டும் விலகினார்கள். அவளை ஏற்கெனவே தொட்டவன் அவன் ஒருவனே, அவனாவது பிடித்திருக்கலாம். அவனோ தன் உள்ளங்கைகளையே வெறித்துக்கொண்டிருந்தான். குலமில்லை என்ற அதிகாரியாரும் மேலாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியதை வேம்பி கண்டாள்.

"செங்கோலின் முன் இல்லைதான். மேலாடையின் முன் இருக்கிறது போலும்."

கூத்தனின் செவிகள் சிவந்தன. அவர் வாளின் பட்டுறையை இழுத்து முடிச்சிட்டார். "விளக்கு அணைந்தது. பழியுள்ளவனுக்கு வாள் இல்லை. வழக்கு தலைநகரில் மறுபடி நடக்கும்."

அவள் நன்றி சொல்லவில்லை. அதற்கு அவர் என்ன செய்துவிட்டார்?

"நடக்கட்டும். என் அண்ணன் பறையும் அங்கே வரும், துளையோடு. அதற்கு நான் தோல் மாற்ற மாட்டேன், அரட்டனாரே. ஊர் ஊராக அதை அடித்து, அது எப்படிக் கிழிந்தது என்று சொல்வேன். உம் தலை மண்ணில் விழும் நாளில் அதற்குப் புதுத்தோல் போர்த்துவேன். இது என் அண்ணன் குருதிமேல் ஆணை."

சொல்லிவிட்டுப் பெரிய வாசல் வழியாகவே நடந்தாள். அந்தக் கூட்டம் அரசனுக்குக்கூட அப்படி விலகி வழிவிட்டதில்லை.

சற்றைக்கெல்லாம், நிலவு மிதந்த வெள்ளாற்றின் நடுவே ஒரு பரிசலிலிருந்து பறையொலி எழுந்தது. துளைவிழுந்த தோலின் பிசிறடித்த ஓசை. திரி கருகிய மண்டபத்தில் தனியே நின்ற அரட்டன் காதுகளைப் பொத்தக் கைகளை உயர்த்தினான். அந்தக் கைகளைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டான்.