அட்டை கேட்ட மின்சாரம்

கணினிப் பாகங்களுக்குப் பொருத்தம் பார்க்கும் பொருத்தமானி சிவப்பாக எரிந்தது. "பத்தில் ஒன்பது பொருத்தம் உண்டு. மின்பொருத்தம் இல்லை," என்றது.

"ரஜ்ஜு தட்டுதும்மா," என்றார் கடைக்காரர் ரசாக். கணினிக் கடைத்தெருவில் மின்பொருத்தத்துக்கு அதுதான் பெயர். அது இல்லாவிட்டால் மற்ற ஒன்பதும் இருந்து பயனில்லை.

செண்பகவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டால் நம் ஆட்களுக்குக் கை முந்தும், மூளை பிந்தும். அவளும் பொருத்தம் பார்க்காமலே ஒரு பெரிய வரைகலை அட்டையை வாங்கிவிட்டாள். விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரைவது அந்த அட்டைதான். அதற்கு வேண்டிய மின்சாரத்தை அவளுடைய பழைய மின்வழங்கியால் கொடுக்க முடியவில்லை. கையிலிருந்த காசெல்லாம் அட்டைக்கே போயிருந்தது. அன்று மாலை 'நெய்தல்' என்ற கணினி விளையாட்டு அணியின் தேர்வு ஆட்டம். கணினி ஓடாவிட்டால் அணியில் இடம் கிடையாது.

"சும்மா மாட்டி ஓட்டிப் பாக்கலாமா பாய்?"

"எங்கம்மா ஓடும்? யானைய வாங்கிட்ட, கட்டித் தீனி போட வேணாமா?"

முன்பு அப்படி மாட்டிப் பார்த்துத்தான் பல வீடுகளில் புகை வந்தது. அதனால் இப்போது ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் ஒரு சம்மதச் சில்லு இருக்கிறது. பொருத்தமானி பச்சை காட்டாமல் எந்தப் பாகமும் பக்கத்துப் பாகத்தோடு சேராது. ஜாதகத்தை மாற்றி எழுதிக் கல்யாணம் முடிக்கிற வித்தையெல்லாம் அதனிடம் நடக்காது.

"கார்டைத் திருப்பிக் குடுத்துடேன்."

"தள்ளுபடியில வாங்கினத எவன் பாய் திரும்ப எடுப்பான்?" எரிச்சலில் அவள் பொருத்தமானி பக்கம் திரும்பினாள். "பொருந்தாது பொருந்தாதுன்னா எப்படி? பொருந்தணும்னா யாரு எத விட்டுக்குடுக்கணும்? அதச் சொல்லு!"

அதுவரை எல்லாரும் யந்திரத்திடம் பொருந்துமா என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். இப்போது அது பாகங்களைத் தனித்தனியாக விசாரித்தது.

"வேகத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மின்சாரம் நிறைய மிச்சமாகும். அட்டை சம்மதிக்கிறது. கணினியின் மூளையான செயலியும் சம்மதிக்கிறது. அது போதாது. நீங்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள்?"

"நானா? எடுத்துக்கோ! விளையாட்டுல நிழல் வேணாம், தண்ணியில மினுமினுப்பு வேணாம், புல்லு ஆட வேணாம். எதிரி தெரிஞ்சா போதும்."

பச்சை எரிந்தது. ரசாக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத வெளியில சொல்லிராதம்மா. அப்புறம் நான் பவர் சப்ளை விக்க முடியாது."

மாலையில், மொட்டைப் பாறையும் மங்கிய கடலுமாக இருந்த அந்த அசிங்கமான உலகத்துக்குள் அவள் பேயாட்டம் ஆடினாள். தேர்வானாள். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் போட்டிக்கு அணியைப் பதிவு செய்ய எல்லாரும் போனார்கள். அங்கே ஆட்களுக்கும் ஒரு பொருத்தமானி இருந்தது. அணித்தலைவன் சூசைராஜும் அவளும் அதன்மேல் கை வைத்தார்கள். சிவப்பு.

"இருவரும் முன்னால் பாய்கிறவர்கள். ஒருவர் சொல்லை ஒருவர் கேட்பதில்லை. பொருந்தாது."

"போச்சு. வேற ஆளத்தான் பாக்கணும்," என்றான் சூசைராஜ்.

செண்பகவல்லி அசரவில்லை. மருந்துதான் கையில் இருக்கிறதே! "பொருந்தணும்னா யாரு எத விட்டுக்குடுக்கணும்?" என்று கேட்டாள்.

"தலைவர் அதட்டுவதை விட வேண்டும்," என்றது யந்திரம். சூசைராஜ் முகத்தைச் சுளித்தான். பிறகு தலையாட்டினான்.

"செண்பகவல்லி, நீங்கள் முன்னால் போவதை விடுவீர்களா?"

நிழலையும் கடலையும் நொடியில் தூக்கி எறிந்தவளுக்கு இப்போது சரியென்று சொல்ல மனம் வரவில்லை. முதல் ஆளாகப் பாய்வதற்காகத்தான் அவள் விளையாடவே வந்தாள். காசு கொடுத்து வாங்கிய அட்டை எவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, முதல்ல நீங்க போங்கண்ணா," என்றாள் கடைசியில். "ஆனா நீங்க செத்துட்டீங்கன்னா நான்தான் முன்னாடி."

யந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சையைக் காட்டியது.