வெள்ளைக் கோடு விழுந்தால்...!

சங்கரன் பல் தேய்த்தான். காப்பி போட்டான். பழக்க தோஷம்... இரண்டு டம்ளர். ஒன்றைக் குடித்தான். மற்றதைத் தொட்டியில் கொட்டினான். மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கினான்.

ஜானு போனதிலிருந்து எல்லாக் காலையும் இதே காலைதான்.

அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தைத் திறக்கும்போதே டெலிபோன் அலறியது!

"இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை. தி.நகர் நகைக்கடை மாணிக்கவாசகத்தைக் குத்திக் கொன்னுட்டாங்க சார்! டிரைவர் சட்டை பூரா ரத்தம். தன் ரத்தம்தான்னு சாதிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமாமே?"

"என் ஆம்படையாளால முடியும்."

"கூப்பிடுங்க சார்."

"செத்துப் போயிட்டா."

"அடடா... மன்னிக்கணும் சார்."

"மருந்து பாட்டில் இருக்கு. வாங்கோ."

வந்தார்கள். செத்தவரின் ரத்தக் குப்பியும் டிரைவரின் சட்டையுமாக இன்ஸ்பெக்டர். விலங்கோடு டிரைவர் வடிவேலு, உள்ளங்கையில் கட்டு. செத்தவரின் கடைப் பங்குதாரர் கனகராஜ்.

"மொதலாளி அலறினாரு நைனா! கண்ணாடிய ஒடச்சிக்கினு உள்ள பூந்தேன். கை கிழிஞ்சிச்சி. இதுக்கா தூக்கு?"

"பசப்பாதலே!" கனகராஜ் சீறினார். "அண்ணாச்சி சோத்தைத் தின்னுட்டு அண்ணாச்சியையே..."

சங்கரன் குளிர்பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தான். லேபிளில் ஜானுவின் கையெழுத்து. கடைசிப் பாட்டில்.

"முயல் ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரம். நம்ம ரத்தத்துல கொழுப்பைச் சுமக்கற ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கும். அந்தப் புரதம் சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது. இருந்தா இந்தக் கண்ணாடித் தட்டுல இருக்கற ஜெல்லுல வெள்ளைக் கோடு விழும்."

"எனக்கு இன்னா ஆவும்?"

"உன் ரத்தத்துல கோடு விழாம, சட்டையில மட்டும் விழுந்தா... தூக்கு."

வடிவேலு கட்டில்லாத கையின் விரலை நீட்டினான்.

"நீங்களும் விரலை நீட்டுங்கோ" என்றான் சங்கரன், கனகராஜிடம்.

"நான் எதுக்குய்யா?"

"இங்கே வர்றவா எல்லாரும் ஒரு சொட்டு குடுக்கணும். ஜானுவோட சட்டம்."

கனகராஜ் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். வாட்சின் தோல் பட்டை ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை!

"இது?"

"ஷேவ் பண்ணையில வெட்டிட்டு. என் ரத்தம்தான்."

"அப்போ இதையும் சுரண்டிப் பார்த்துடலாம். வாட்ச் இங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் காலை கனகராஜே முதல் ஆளாக வந்து நின்றார்.

"வாட்சைக் கொடுங்கய்யா. அது ராசி வாட்சு. கட்டாம நான் கடை திறக்க மாட்டேன்."

பின்னாலேயே வடிவேலுவோடு இன்ஸ்பெக்டர்.

சங்கரன் கண்ணாடித் தட்டை விளக்கில் பிடித்தான்.

"மாணிக்கவாசகம்... கோடு இருக்கு. வடிவேலு... இல்லை. சட்டை..."

தட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தான்.

"இல்லை. அவன் ரத்தம்தான்."

வடிவேலு தரையில் உட்கார்ந்து குலுங்கி அழுதான்.

"கனகராஜ் ரத்தம்... கோடு இல்லை. ஆனா வாட்ச் பட்டையில..."

பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு!

"அது உம்ம ரத்தம் இல்லே."

கனகராஜ் வாசலுக்குப் பாய்ந்தார். வெள்ளைத்துரையின் கை அவர் பிடரியில் விழுந்தது.

"சட்டையை எரிச்சிருப்பே. வாட்சை ஏன்யா எரிக்கல?"

"ராசி வாட்சுய்யா..." என்று முனகினார் கனகராஜ்.

"ஜீப்புல ஏறு. ராசி ஒர்க் பண்ணுது!"

வாசலில் வெள்ளைத்துரை தயங்கினார். "உங்க சம்சாரம் பெரிய மூளை சார். கடைசியா ஏதாச்சும் பெருசா சொல்லியிருப்பாங்களே?"

சங்கரன் காலி பாட்டிலை அலமாரியில் வைத்தான். மேஜை மேலிருந்த கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் நடந்தான்.

"சொன்னா."

"என்ன சார்?"

"'அழுதது போறும்... முயலுக்குக் கீரை போட்டேளா?'"