எண்பதடிப் பை

காலை 9.40. ஒரகடம் மெயின் ரோட்டில், டீக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நிலத்தடி நீர் ஆய்வு ஆபீஸ். பீரோவிலிருந்து எடுத்த துணிப்பையை அவிழ்த்த மதிவதனி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே களிமண் இருந்தது.

இருக்க வேண்டியது மணல். முந்தாநாள் வடக்குப்பட்டில் சோதனைக்காகப் போர் போட்டபோது, எண்பதடியில் வந்த மணலை அவளே கையில் அள்ளிப் பார்த்தாள். பை மாறிப்போச்சோ என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், அங்கே அதைவிடப் பெரிய கூத்து. நிலத்தடி அடுக்குகளைக் காட்டும் வரைபடத்தில் மணலுக்கு மஞ்சள், களிமண்ணுக்குச் சாம்பல். நேற்றுவரை முழுக்க மஞ்சளாக இருந்த இடத்தில் இன்று நடுவே ஒரு சாம்பல் பட்டை.

பட்டைதானே என்று விட்டுவிட முடியாது. வடக்குப்பட்டுத் தெருக்குழாய்க்குத் தண்ணீர் மேல்மணலிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே ஆழமாக போர் இறக்கி உறிஞ்ச ஒரு தண்ணீர் லாரிக் கம்பெனி அனுமதி கேட்கிறது. நடுவில் களிமண் இருந்தால் மேல்தண்ணீர் கீழே இறங்காது, அனுமதி கிடைத்துவிடும். களிமண் இல்லையென்றால், கம்பெனி உறிஞ்ச உறிஞ்ச ஊர்க்குழாயில் காற்றுதான் வரும். முடிவெடுக்கும் கூட்டம் அன்று மதியம் மூன்று மணிக்கு.

பீரோவுக்கு ஒரே சாவி. அது பேச்சியிடம் இருந்தது.

10.30. மதிவதனி போன் போட்டுச் சொன்னதும் சப்-இன்ஸ்பெக்டர் கனகலட்சுமி படியேறி வந்தாள். மூட்டுவலிக்காரி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குற்றம் செய்கிறவர்கள்மேல் அவளுக்குத் தனிக் கோபம் உண்டு. பையிலிருந்த களிமண்ணை வெள்ளைத்தாளில் கொட்டி விரலால் நிமிண்டினாள். பழுப்பாக நார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தாளை மடித்துவைத்தாள்.

முதலில் பேச்சி. முப்பது வயது. ஊர் சாத்தான்குளம் பக்கம். போர் போடும் இடத்தில் அடிக்கு அடி மண் எடுத்துப் பையில் கட்டுவது அவள் வேலை.

"சாவி யார்கிட்ட கீது?"

"எங்கிட்டதாம்மா."

"வேற யாருக்காச்சும் குடுத்தியா?"

"இல்லம்மா. ராத்திரி தலைமாட்டுலதான் கெடந்துச்சு."

"பூட்டும்போது பையத் தொறந்து பாத்தியா?"

"இல்ல. கட்டி வச்சிருந்துச்சு. அப்படியே உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"அப்ப மண்ணு தானா மாறிச்சா?"

பேச்சி சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "என்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா, வீட்டுக்காரம்மா சாயங்காலமே பொட்டிய வெளிய தூக்கி வச்சிருவா. நான் வடக்குப்பட்டுலதாம்மா வாடகைக்கு இருக்கேன். அந்தக் கொழாத் தண்ணியத்தான் குடிக்கேன். என் வாயில நானே மண்ணள்ளிப் போடுவனா?"

மதிவதனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவி ஒன்றுதானே! வேறு யாரைச் சந்தேகப்படுவது?

அடுத்து புருஷோத்தமன். சேரப்பணஞ்சேரிக்காரன். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவன்.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்."

"நேத்து இங்க யார் இருந்தது?"

"நான் மட்டும்தான். ஈரம் போகட்டும்னு பைங்களை மொட்டைமாடில வாய் தொறந்து காய வெச்சுட்டு, பேச்சி படப்பைக்குப் போச்சு. திடீர்னு மழ. நான்தான் ஓடிப்போய் அள்ளியாந்து கட்டி வெச்சேன். இல்லாங்காட்டி அத்தனையும் கரைஞ்சு போயிருக்கும்."

"போர் போட்ட எடத்துக்குப் போனியா?"

"ஐயோ, நமக்கு ஏசி ரூம்தான் மேடம். அந்தப் பக்கம் தலவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

மேசையில் அவன் போன் அதிர்ந்தது. திரையில் 'மச்சான்'. துண்டித்தான். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தான்.

12.15. வடக்குப்பட்டு. கனகலட்சுமி ஜீப்பில் போய் இறங்கியபோது, போர் போட்ட தணிகாசலம் குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"லாரிக் கம்பெனிக்கும் நீதான் போர் போடப் போறியாமே?"

"ஆமாங்க. அதுக்கோசரம் மண்ணை மாத்துவனா? நல்லா கேட்டீங்க போங்க!"

போருக்குப் பக்கத்தில் ஒரு குழி. அடியில் சாம்பல்நிறச் சேறு இறுகிக்கிடந்தது. ஓரத்தில் யாரோ கைநிறைய அள்ளிய பள்ளம். பக்கத்தில் கவிழ்ந்த பக்கெட்டில் ஈ மொய்த்தது.

"இது இன்னா குழி?"

"சேத்துக்குழிங்க. மணல்ல தொளை போட்டா சரிஞ்சு மூடிக்கும். அதனால ஏரிக் களிமண்ணும் சாணியும் கரைச்சு உள்ள வுடுவோம். தொளை சரியாம நிக்கும். சாணி பேச்சிதான் தெருத்தெருவா கேட்டு வாங்கியாந்துச்சு. மதிவதனி மேடம் மூக்கைப் புடிச்சுகினு நின்னாங்க."

கனகலட்சுமி அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "வண்டில ஏறு. உனக்கு ஒண்ணும் ஆவாது."

1.30. மாடி அறை. நால்வரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். கனகலட்சுமி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அந்தக் களிமண்ணைப் போட்டுக் கலக்கினாள். மண் கீழே இறங்கியது. மேலே வைக்கோல் துணுக்குகள் மிதந்தன.

மோந்து பார்த்த தணிகாசலம், "சாணிங்க!" என்றார்.

"எண்பதடிக்குக் கீழ மாடு மேயுதா?" என்றாள் கனகலட்சுமி.

மதிவதனி தலையில் அடித்துக்கொண்டாள். "சே! குழிச் சேறு! எனக்குத் தெரிஞ்ச விஷயமாச்சே, மோந்துகூடப் பாக்கலையே."

"பதட்டத்துல யார்தான் மோந்து பாக்கறா? ஆனா அள்ளினவன் யாருன்னு இந்தச் சாணியே சொல்லிடுச்சு. தணிகாசலம் கையால கரைச்ச சாணி. பேச்சி வாங்கியாந்த சாணி. நீங்க மூக்கைப் புடிச்ச சாணி. உங்க மூணு பேருக்கும் களிமண்ணு வேணும்னா, சாணி கலக்காததா ஏரிலேர்ந்தே அள்ளியிருப்பீங்க. போர் போட்டப்ப அங்க இல்லாதவன்தான், குழில கெடக்குற களிமண்ணு போருக்குள்ளேர்ந்து வந்ததுன்னு நம்பி அள்ளுவான்."

புருஷோத்தமன் குறுக்கிட்டான். "பீரோ சாவி எங்கிட்ட இல்லியே மேடம்?"

"சாவி எதுக்கு? பூட்டறதுக்கு முன்னாடியே மண்ணு மாறிடுச்சு. வாய் தொறந்த பை ஒன் கையில மட்டும்தான் இருந்துச்சு. நீதான் கட்டி வெச்ச. நீயே சொன்ன."

மறுபடி மேசையில் போன் அதிர்ந்தது. 'மச்சான்'. கனகலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாடா, கட் பண்ணிகினே கீற? மண்ணு மேட்டர் முடிஞ்சுதா? கம்பெனில நானும் பார்ட்னர்டா, எல்லாரும் என் உயிரை வாங்கறானுங்க!"

புருஷோத்தமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கேட்கவேண்டியது எதுவும் இல்லை.

2.10. மதிவதனி கூட்டம் நடத்தும் அதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, மறுபடி போர் போட்டுப் பார்க்க உத்தரவு. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எண்பதடியில் 'மணல்' என்று திருத்தினாள். சாம்பல் பட்டை மறைந்து படம் தன்னைத்தானே புதிதாக வரைந்துகொண்டது. இதுவரை சேர்க்காத சுற்றுவட்டார போர்களையும் சேர்த்துப் பார்த்தாள்; மஞ்சள் வடக்குப்பட்டோடு நிற்கவில்லை. எங்கும் அறுபடாமல் சேரப்பணஞ்சேரிவரை ஓடியது.

புருஷோத்தமன் எட்டிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. "மேடம்... அது எங்க தெரு. புது வூட்டு போர் அங்கதான் கீது."

"கம்பெனி உறிஞ்சியிருந்தா அதுவும்தான் வறண்டிருக்கும்" என்றாள் மதிவதனி.

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்னு சொல்வாங்க. நீ சாணியோட சேத்துப் போட்டுகினே. நட" என்றாள் கனகலட்சுமி. போகும்போது பீரோ சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தணிகாசலமும் கிளம்பிவிட, அறையில் இருவர் மட்டும் மிச்சம். மதிவதனி சாவியை எடுத்து நீட்டினாள்.

"உன்னைப் போய் சந்தேகப்பட்டேன் பேச்சி. தப்புதான். மனசுல வெச்சுக்காத."

"ரெண்டு வருசமா கூடவே மண்ணு அள்ளுதேன். நீங்களும் மூஞ்சியத் திருப்பிட்டியளே மேடம். அதுதான் தாங்கல." பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவியை மட்டும் வாங்கவில்லை.

"மொதல்ல இதுக்கு இன்னொரு சாவி போடுங்க. ஒண்ணு உங்க இடுப்புல கெடக்கட்டும். அடுத்த தடவ மண்ணு மாறுனா, ரெண்டு பேருமாச் சேந்தே ஜீப்புல ஏறுவோம்."